பார்லருக்கு பிஓஎஸ் சாப்ட்வேர் வாங்கப் போகிறீர்களா? சேவை வருமானத்தைச் சரியாகப் பிடிக்க ஒரு வழிகாட்டி

புதிதாக பார்லர் ஆரம்பித்தவர்களும், இத்தனை நாள் நோட்டில் எழுதிவிட்டு இப்போதுதான் கம்ப்யூட்டருக்கு மாறலாம் என்று நினைப்பவர்களும் என்னிடம் முதலில் கேட்பது "எந்த சாப்ட்வேர் நல்லது?" என்பதுதான். சில பார்லர்களுக்கு நான் கணக்குப் பார்க்கிறேன், இரண்டு மூன்று முறை சாப்ட்வேர் மாற்றும் வேலையில் முழுதாகக் கூடவே இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பெயரைக் கேட்டுக்கொண்டு போய் வாங்குவதுதான் இதில் பெரிய தவறு. பக்கத்துப் பார்லருக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது, ஏனென்றால் அவர்கள் சம்பளம் கொடுக்கும் முறை வேறு, பேக்கேஜ் விற்கும் முறை வேறு.

எனக்கு இது உறைத்தது ஒரு அக்காவின் பார்லரில்தான். நாற்காலி மூன்று, வேலைக்கு நான்கு பேர். ஒரு மாதம் ஃபேஷியல் பேக்கேஜ் நிறைய விற்றார்கள். சாப்ட்வேர் அந்த மாத வருமானம் என்று பெரிய எண்ணைக் காட்டியது, அதை நம்பி அக்கா இன்னொரு பெண்ணை வேலைக்கு எடுத்துவிட்டார். அடுத்த இரண்டு மாதம் நாற்காலி காலியாகவே இல்லை, ஆனால் கல்லாவில் பணம் இல்லை. வந்தவர்களில் பாதிப் பேர் முன்பே பணம் கட்டியவர்கள், அவர்களுக்குச் செய்ய வேண்டிய வேலையைத்தான் அந்த இரண்டு மாதமும் செய்துகொண்டிருந்தார்கள். சாப்ட்வேர் தப்பாகக் கூட்டவில்லை. கையில் வந்த பணத்தைக் காட்டியது, சம்பாதித்த பணத்தைக் காட்டவில்லை, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைக் காட்டத் தெரிந்த சாப்ட்வேரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: கடைக்காரர் சாப்ட்வேரும் பார்லர் சாப்ட்வேரும் ஒன்றில்லை

பிஓஎஸ் என்றால் பில் போடும் இடத்தில் ஓடும் சாப்ட்வேர். பெரும்பாலானவை பொருள் விற்கும் கடைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பார்கோடை ஸ்கேன் செய், எண்ணிக்கையைப் போடு, கூட்டு, பணம் வாங்கு, இருப்பில் ஒன்றைக் குறை. ஒரு சோப்பை விற்றது யார் என்பது பெரிய விஷயம் இல்லை, விற்க எவ்வளவு நேரம் ஆனது என்று யாரும் கேட்பதும் இல்லை.

பார்லரில் விற்பது ஒருவருடைய நேரத்தையும் கைவேலையையும். அதனால் பில்லின் ஒவ்வொரு வரியிலும் என்ன சேவை, யார் செய்தார், எவ்வளவு நேரம் ஆனது, அதற்கு உண்மையில் எவ்வளவு கிடைத்தது என்ற நான்கும் பதிவாக வேண்டும். பில்லுக்கு மேலே ஒரே ஒரு ஊழியர் பெயரைப் போட மட்டும் இடம் கொடுக்கும் சாப்ட்வேர் என்றால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரே வாடிக்கையாளருக்கு ஒருவர் முடி வெட்டி, இன்னொருவர் பெடிக்யூர் செய்வது தினமும் நடப்பது, அது பதிவாகாவிட்டால் பின்னால் வரும் எந்த ரிப்போர்ட்டும் உதவாது.

இரண்டாம் படி: ஒரு வாரம் உங்கள் பில்களைக் கவனியுங்கள்

டெமோ பார்க்கப் போகும் முன் இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டை எடுத்து, ஒரு வாரத்தில் வரும் பில்களில் சிக்கலானவற்றை மட்டும் தனியாக எழுதி வையுங்கள். நேராக வந்து முடி வெட்டிப் பணம் கொடுத்துப் போனவர் வேண்டாம், அதை எந்த சாப்ட்வேரும் செய்யும். நமக்கு வேண்டியவை வேறு மாதிரி. முன்பணம் கொடுத்துவிட்டு வந்தவர், பாதியைக் கார்டிலும் மீதியை ரொக்கமாகவும் கட்டியவர், தோழியின் பேக்கேஜில் தான் ஒரு ஃபேஷியல் செய்துகொண்டவர், போன வாரம் போட்ட கலர் சரியில்லை என்று இலவசமாகத் திருத்திக்கொண்டு போனவர், பரிசு அட்டை கொண்டு வந்து அதில் கொஞ்சம் மிச்சம் வைத்தவர், ஷாம்பூ ஒன்றை வாங்கி மறுநாள் திருப்பிக் கொடுத்தவர், கூடவே டிப்ஸையும் கார்டிலேயே சேர்த்துக் கொடுத்தவர்.

இப்படி ஒரு பத்து பில் சேர்ந்துவிட்டால் போதும். இதுதான் உங்கள் பரீட்சைத் தாள். எந்தக் கம்பெனி டெமோ காட்ட வந்தாலும் இந்தப் பத்தையும் அவர்கள் கையால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் தயார் செய்து வைத்திருக்கும் டெமோவில் எல்லாம் அழகாகத்தான் ஓடும்.

மூன்றாம் படி: சேவைப் பட்டியலை ஒழுங்குபடுத்துங்கள்

இது சாப்ட்வேர் வாங்கிய பிறகு செய்யும் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். முன்பே செய்துவிட்டால் எது உங்களுக்குப் பொருந்தும் என்பது சீக்கிரம் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு சேவைக்கும் பெயர், வகை, விலை, நேரம் எழுதுங்கள். முடியின் நீளத்தைப் பொறுத்து விலை மாறும் சேவைகளுக்கு நீளம், நடுத்தரம், குட்டை என்று மூன்று தனிச் சேவைகளை உருவாக்காமல், ஒரே சேவைக்குள் மூன்று விலை வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வருஷக் கடைசியில் "கலரிங்கில் மொத்தம் எவ்வளவு வந்தது?" என்று பார்க்கப் பல வரிகளைக் கூட்ட வேண்டியிருக்கும். சீனியர் செய்தால் ஒரு விலை, ஜூனியர் செய்தால் ஒரு விலை என்று வைத்திருப்பவர்களுக்கும் இதே கேள்விதான்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கலர் போட்டுவிட்டு அது ஊற அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கிறோம். அந்த நேரத்தில் ஊழியர் சும்மா இருப்பதில்லை, இன்னொருவருக்குப் புருவம் திருத்தலாம், முடி வெட்டலாம். நல்ல பார்லர் சாப்ட்வேரில் இந்த இடைவேளையைத் தனியாகக் குறிக்க வழி இருக்கும். அது இல்லாவிட்டால் காலண்டர் அந்த ஊழியரை இரண்டு மணி நேரம் முழுக்க வேலையில் இருப்பதாகக் காட்டும், வரக்கூடிய அப்பாயின்ட்மென்ட் ஒன்று தினமும் கைநழுவும்.

நான்காம் படி: எது வருமானம், எது வருமானம் இல்லை

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பேக்கேஜிலிருந்து ஆரம்பிப்போம். பத்து ஃபேஷியல் கொண்ட பேக்கேஜை 9000க்கு விற்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம், எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். அன்று கல்லாவில் 9000 வந்துவிட்டது. ஆனால் இன்னும் ஒரு ஃபேஷியல்கூடச் செய்யவில்லை, அதனால் அன்று சம்பாதித்தது பூஜ்யம். அந்த 9000 வாடிக்கையாளருக்கு நீங்கள் பட்டிருக்கும் கடன். அந்த மாதம் அவர் இரண்டு முறை வந்தால் 1800 வருமானமாக மாறும், 7200 இன்னும் கடனாகவே இருக்கும். இது நானாகச் சொல்லும் முறை இல்லை. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலையின் அடிப்படையே இதுதான்: சொன்ன சேவையைச் செய்து கொடுக்கும்போதுதான் வருமானம் என்று எழுத வேண்டும். உங்கள் சின்னப் பார்லருக்கு அந்தத் தரநிலை சட்டப்படி பொருந்துமோ இல்லையோ, நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாலும் அது நியாயமான கணக்கு.

ஆகவே டெமோவில் கேளுங்கள்: "இன்று ஒரு பேக்கேஜ் விற்றால் இன்றைய சேவை வருமான ரிப்போர்ட்டில் எவ்வளவு காட்டும்? இன்னும் செய்து கொடுக்காத பேக்கேஜ் பாக்கி மொத்தம் எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் காட்ட முடியுமா?" முதல் கேள்விக்கு முழுத் தொகையும் என்று பதில் வந்தால் அவசரப்பட்டு நிராகரிக்காதீர்கள், விற்பனை ரிப்போர்ட், சேவை ரிப்போர்ட் என்று இரண்டும் தனியாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். இரண்டும் வேண்டும். கையில் எவ்வளவு பணம் வந்தது என்பதும் தெரிய வேண்டியதுதானே. இரண்டாம் கேள்விக்குத் தயங்கினால் மட்டும் அந்த சாப்ட்வேர் வேண்டாம்.

பரிசு அட்டையும் இதே கதைதான். விற்றபோது கடன், பயன்படுத்தியபோது வருமானம். அப்பாயின்ட்மென்ட்டுக்கு வாங்கும் முன்பணமும் அப்படியே. மாதச் சந்தா கட்டும் மெம்பர்ஷிப் வைத்திருந்தால், அதில் வெறும் தள்ளுபடி மட்டும் கொடுக்கிறீர்களா அல்லது மாதம் ஒரு சேவை இலவசமா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும், அதையும் அவர்களிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காலாவதியான பேக்கேஜில் மிச்சமிருக்கும் தொகையை என்ன செய்வது என்பதற்கு இடத்துக்கு இடம் சட்டம் வேறுபடும், அதை உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்ட்வேரில் காலாவதித் தேதி வைக்க வழி இருந்தால் போதும்.

டிப்ஸ் ஊழியருடையது. கார்டில் பில்லோடு சேர்ந்து வந்தாலும் உங்கள் வருமானத்தில் அது கலக்கக் கூடாது, யாருக்கு எவ்வளவு என்று தனியாக நிற்க வேண்டும். வரியும் அப்படித்தான், அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய பணம் கொஞ்ச நாள் உங்கள் கையில் இருக்கிறது. பொருள் விற்பனையும் சேவை வருமானமும் தனித்தனியாக வர வேண்டும், ஏனென்றால் ஷாம்பூ பாட்டிலில் கிடைக்கும் லாபமும் முடி வெட்டுவதில் கிடைக்கும் லாபமும் ஒன்றில்லை.

அப்புறம் தள்ளுபடி. முடி வெட்ட 600, கலருக்கு 2400, மொத்தம் 3000. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 2500 என்று சலுகை கொடுக்கிறீர்கள். குறைந்த 500 எந்தச் சேவையிலிருந்து போனது? விகிதப்படி பிரித்தால் முடி வெட்டியதற்கு 500, கலருக்கு 2000 என்று வரும், இதுதான் முறை. சில சாப்ட்வேர்கள் முழுத் தள்ளுபடியையும் கடைசி வரியிலோ, பில்லின் அடியில் தனியாகவோ போட்டுவிடும். கடைசி வரியில் போட்டால் சேவைவாரியான ரிப்போர்ட்டில் அந்தச் சேவை குறைவாகவும், அடியில் போட்டால் எல்லாச் சேவையும் கூடுதலாகவும் தெரியும், ஊழியர் கமிஷனும் தப்பாகும். நான் பார்த்த ஒரு பார்லரில் இது ஏழு மாதம் யாருக்கும் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது, கலர் செய்யும் பெண்தான் தன் கமிஷன் குறைகிறதே என்று தானாக எழுதி வைத்துக் கண்டுபிடித்தார். அவருக்குப் பாக்கித் தொகையைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனாலும் அந்த மனக்கசப்பு போகவில்லை.

ஐந்தாம் படி: கமிஷன் விதியைத் தாளில் எழுதுங்கள்

ஊழியருக்குச் சம்பளத்தோடு கமிஷன் கொடுப்பவர்கள், அந்த விதியை ஒரு தாளில் வார்த்தை வார்த்தையாக எழுதிப் பாருங்கள். எழுத உட்கார்ந்தால்தான் எத்தனை விஷயம் வாய்மொழியாக ஓடிக்கொண்டிருந்தது என்று தெரியும். கமிஷன் தள்ளுபடிக்கு முன்னுள்ள விலையிலா, பின்னுள்ள விலையிலா? வரி சேர்த்தா, சேர்க்காமலா? கலர், கிரீம் போன்ற பொருள் செலவைக் கழித்துவிட்டா? ஒருவர் தலை அலசி, இன்னொருவர் வெட்டினால் எப்படிப் பிரிப்பது? மாதம் ஒரு தொகையைத் தாண்டினால் சதவீதம் ஏறுமா, ஏறினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமா அல்லது முதலிலிருந்தா?

பேக்கேஜில் இன்னொரு சிக்கல். விற்றவர் ஒருவர், செய்தவர் வேறொருவர். விற்றவருக்கு விற்பனைக் கமிஷனும் செய்தவருக்கு ஒவ்வொரு முறை செய்யும்போதும் சேவைக் கமிஷனும் போக வேண்டும் என்றால், சாப்ட்வேர் இரண்டையும் தனியாகப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பேக்கேஜ் வாடிக்கையாளர் வந்தால் ஊழியர்கள் முகம் சுளிப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இலவசமாகத் திருத்திக் கொடுக்கும் வேலைக்கும் பூஜ்ய பில் போடுங்கள். பணம் இல்லை என்பதால் பலர் பில்லே போடுவதில்லை. பில் இருந்தால்தான் மாதத்தில் எத்தனை மணி நேரம் திருத்தத்தில் போகிறது, எந்தச் சேவையில் அதிகம் என்பது தெரியவரும்.

ஆறாம் படி: காலண்டரும் பில்லும் ஒன்றோடொன்று பேசட்டும்

அப்பாயின்ட்மென்ட் ஒரு ஆப்பில், பில் இன்னொன்றில் என்று வைத்திருப்பவர்கள் நிறைய. ஓடும், ஆனால் வருமானம் கசியும் இடம் அதுதான். இரண்டும் சேர்ந்திருந்தால் அப்பாயின்ட்மென்ட்டைத் தொட்டாலே பில் தயாராகும், என்ன சேவை, யார் செய்தார் என்பதை மறுபடி டைப் செய்ய வேண்டாம். அதைவிட முக்கியம், "முடிந்தது, ஆனால் பில் ஆகவில்லை" என்ற பட்டியல். நாள் முடிவில் அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். ஏதாவது நின்றால், வாடிக்கையாளர் வரவில்லையா, மறந்துவிட்டார்களா, வேறு ஏதாவதா என்று அன்றைக்கே கேட்டுவிடலாம். வராமல் போனவர்களையும், கடைசி நேரத்தில் ரத்து செய்தவர்களையும் தனித்தனியாகக் குறிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஏழாம் படி: கல்லாவுக்குக் காவல்

கல்லா மெஷின் பிறந்ததே இந்தக் கவலையில்தான். அமெரிக்காவின் டேடன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, விற்ற பணம் கல்லாவுக்கு முழுதாக வரவில்லை என்ற வேதனையில் 1879இல் தன் சகோதரர் ஜானோடு சேர்ந்து செய்த மெஷின்தான் இன்றைய பிஓஎஸ்ஸின் மூதாதை. ஊழியர்களைச் சந்தேகப்படுங்கள் என்று நான் சொல்லவில்லை. தெளிவான பதிவு இருந்தால் நேர்மையாக வேலை செய்பவருக்குத்தான் முதல் பாதுகாப்பு, பணம் குறைந்த நாளில் எல்லார் மேலும் சந்தேகம் விழாது.

பார்க்க வேண்டியவை: ஒவ்வொருவருக்கும் தனி ரகசிய எண். எல்லாரும் ஒரே லாகினில் பில் போட்டால் எந்தப் பதிவுக்கும் அர்த்தம் இல்லை. பில்லை ரத்து செய்தால் அது அழியக் கூடாது, யார், எப்போது, ஏன் என்ற காரணத்தோடு பதிவில் நிற்க வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி கொடுக்க உங்கள் அனுமதி கேட்க வேண்டும். பழைய தேதியில் பில்லைத் திருத்த முடிகிறதா என்று டெமோவில் முயன்று பாருங்கள், சத்தமில்லாமல் திருத்த முடிந்தால் அது ஆபத்து.

நாள் கணக்கு முடிக்கும்போது எக்ஸ் ரிப்போர்ட், இசட் ரிப்போர்ட் என்று இரண்டு பெயர் கேள்விப்படுவீர்கள். எக்ஸ் என்பது நாளின் நடுவில் எட்டிப் பார்ப்பது, எதையும் மாற்றாது. இசட் என்பது நாளை மூடுவது, அதோடு அன்றைய கணக்கு முடிந்து அடுத்த நாள் புதிதாக ஆரம்பிக்கும். கல்லாவை எண்ணுபவர், சாப்ட்வேர் எவ்வளவு இருக்க வேண்டும் என்று காட்டுவதற்கு முன்பே தான் எண்ணியதைப் பதிவு செய்யும்படி வைக்க முடிந்தால் அப்படியே வையுங்கள். எண்ணைப் பார்த்துவிட்டு எண்ணினால் நம் கை தானாக அந்த எண்ணை நோக்கிப் போகும்.

கார்டில் வாங்கும் பணத்தில் புதியவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். 1000க்குப் பில் போட்டீர்கள், கட்டணம் 20 போக 980 பேங்கில் வந்தது என்று வைத்துக்கொள்வோம். வருமானம் 980 என்று எழுதிவிடுகிறார்கள். வருமானம் 1000, கட்டணம் 20 தனிச் செலவு. இரண்டையும் தனியாகக் காட்டும் சாப்ட்வேர் என்றால் மாதக் கடைசியில் பேங்க் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது அரை மணி நேர வேலை, இல்லாவிட்டால் இரண்டு நாள் போய்விடும். பணம் பேங்குக்கு வர ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பதால் மாதத்தின் கடைசி நாள் பில் அடுத்த மாதம்தான் பேங்கில் தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எட்டாம் படி: உள்ளே செலவாகும் பொருள்

விற்பனைக்கு வைத்திருக்கும் பொருளும், சேவைக்கு உள்ளே பயன்படுத்தும் பொருளும் வேறு இருப்பு. கலரோடு டெவலப்பர் (நிறம் பிடிக்கக் கலரில் சேர்க்கும் கிரீம் அல்லது திரவம்) கலக்கும் விகிதம் 1:1, 1:1.5, 1:2 என்று தயாரிப்பைப் பொறுத்து இருக்கும், 60 கிராம் கலருக்கு 1:1.5 என்றால் 90 கிராம் டெவலப்பர். வாடிக்கையாளர் அட்டையில் இந்தக் கலவையைக் குறித்து வைத்தால் அடுத்த முறை அதே நிறம் வரும், செலவும் தெரியும். ஒவ்வாமை வருமா என்று கலருக்கு 48 மணி நேரம் முன்பு தோலில் தடவிப் பார்த்த சோதனையின் தேதியையும் அதே அட்டையில் போட இடம் இருக்கட்டும். கிராம் கணக்கில் இருப்பைக் குறைக்கும் வசதி எல்லாம் ஆரம்பத்திலேயே தேவையில்லை என்பது என் கருத்து. ஊழியர்களுக்கு பில் போடுவது கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் படி: விலையையும் வெளியேறும் வழியையும் கேளுங்கள்

மாதக் கட்டணம் என்று ஒரு எண்ணைச் சொல்வார்கள். அது ஒரு ஊழியருக்கா, ஒரு கிளைக்கா, மொத்தத்துக்கா? வாடிக்கையாளருக்குப் போகும் மெசேஜ்களுக்குத் தனிக் காசா? அவர்களுடைய கார்டு சேவையைத்தான் பயன்படுத்த வேண்டுமா, அப்படியானால் ஒவ்வொரு பில்லுக்கும் எத்தனை சதவீதம்? அவர்கள் ஆப் வழியாக வரும் புது வாடிக்கையாளருக்குக் கமிஷன் எடுப்பார்களா? இலவசம் என்று சொல்லும் சாப்ட்வேரிடம் இந்தக் கடைசி இரண்டு கேள்விகளை இரண்டு தடவை கேளுங்கள். ஒரு வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று உங்கள் போன மாத பில் எண்ணிக்கையை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், மாதக் கட்டணம் குறைவாக இருந்தது வருஷக் கணக்கில் அதிகமாக வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

வெளியேறும் வழி என்றால் டேட்டா. வாடிக்கையாளர் பட்டியல், பழைய பில்கள், பேக்கேஜ் பாக்கி, பரிசு அட்டை பாக்கி, இவை எல்லாவற்றையும் சிஎஸ்வி அல்லது எக்ஸெல் கோப்பாக நீங்களே எடுக்க முடிய வேண்டும். "கேட்டால் அனுப்புவோம்" என்ற பதில் போதாது. ஒரு பார்லர் சாப்ட்வேர் மாற்றியபோது பழைய கம்பெனி பெயரையும் போன் நம்பரையும் மட்டும் கொடுத்தது, பேக்கேஜ் பாக்கி எதுவும் இல்லை. அந்த அம்மா ஒவ்வொரு வாடிக்கையாளரையும் போனில் கூப்பிட்டு "உங்களுக்கு இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேட்க வேண்டியதாயிற்று. டெமோவிலேயே ஒரு கோப்பை எடுத்து, திறந்து காட்டச் சொல்லுங்கள், தமிழில் போட்ட பெயர்கள் சரியாக வருகின்றனவா என்றும் பாருங்கள்.

கார்டு விவரங்களை நோட்டிலோ, வாடிக்கையாளர் குறிப்பிலோ, போட்டோவாகவோ எழுதி வைக்கவே வேண்டாம். கார்டுப் பாதுகாப்புக்கு பிசிஐ டிஎஸ்எஸ் என்ற தரநிலை 2004 முதல் இருக்கிறது, பணம் எடுக்க அனுமதி கிடைத்த பிறகு கார்டின் பின்னால் இருக்கும் மூன்று இலக்க எண்ணைச் சேமிக்கவே கூடாது என்பது அதில் ஒரு விதி. சாப்ட்வேர் அந்தத் தரநிலையைப் பின்பற்றுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்டர்நெட் போனால் பில் போட முடியுமா? டெமோ நடக்கும்போதே வைஃபையை அணைத்துப் பாருங்கள். மறுபடி இணைத்ததும் அந்த பில்கள் ஒருமுறை மட்டும் பதிவாகின்றனவா என்பதையும் கவனியுங்கள்.

ஹார்டுவேர் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பில் பிரிண்டர்கள் 58 மில்லிமீட்டர், 80 மில்லிமீட்டர் பேப்பரில் வரும், சேவைப் பெயர் நீளமாக இருக்கும் பார்லருக்கு 80 நல்லது. கல்லா டிராயர் பெரும்பாலும் பிரிண்டரோடுதான் இணையும், அதனால் இரண்டும் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள்.

பத்தாம் படி: பில் போடப் போகிறவரை அழைத்து உட்கார வையுங்கள்

முடிவை நீங்கள் எடுத்தாலும், தினமும் அதில் கை வைக்கப் போவது ரிசப்ஷனில் இருக்கும் பெண். இரண்டு சாப்ட்வேர்கள் வரை சுருக்கிவிட்டு, இலவசச் சோதனைக் காலத்தில் அவரிடமே கொடுங்கள். அந்தப் பத்து பில்லையும் அவர் போடட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள். கூட்டமான நாளில் வரிசையில் மூன்று பேர் நிற்கும்போது ஒரு பில்லுக்கு எட்டு இடத்தில் தட்ட வேண்டியிருந்தால், அவர் குறுக்கு வழி கண்டுபிடித்துவிடுவார். எல்லாச் சேவையையும் "இதர சேவை" என்று போடுவார். அது அவர் தப்பில்லை.

தேர்ந்தெடுத்த பிறகு மாதத்தின் முதல் நாளில் மாறுங்கள். அதற்கு முந்தின இரவு பேக்கேஜ் பாக்கியையும் பரிசு அட்டை பாக்கியையும் ஒவ்வொருவர் பெயரிலும் ஏற்றி, மொத்தத்தைப் பழைய நோட்டோடு ஒத்துப் பாருங்கள். பழைய பில்களை எல்லாம் உள்ளே ஏற்ற முயல வேண்டாம், அவற்றைத் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டால் போதும். முதல் இரண்டு வாரம் நோட்டிலும் எழுதுங்கள். இரட்டை வேலைதான், ஆனால் வரி தப்பாகப் போட்டிருப்பது, ஒரு சேவைக்கு விலை மாறியிருப்பது எல்லாம் அந்த இரண்டு வாரத்தில்தான் வெளியே வரும்.

முதல் மாதம் முடிந்ததும் மூன்று ரிப்போர்ட் எடுத்தால் போதும். ஒன்று, ஊழியர்வாரி சேவை வருமானம். இரண்டு, பேக்கேஜ் பாக்கி மொத்தம், அது போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பது. மூன்றாவது, சேவைவாரி வருமானத்தை அதற்கு ஆன நேரத்தால் வகுத்துப் பார்ப்பது. 90 நிமிட ஃபேஷியலுக்கு 1200 வாங்கினால் மணிக்கு 800. பத்து நிமிடத்தில் புருவம் திருத்தி 150 வாங்கினால் மணிக்கு 900, பொருள் செலவும் ஏறக்குறைய இல்லை. ஆனால் புருவத்துக்கு ஒரு மணி நேரத்தில் ஆறு பேர் தொடர்ந்து வந்தால்தான் அந்த 900, நடுவில் காலியாக இருந்த நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். நான் சொன்ன அந்த அக்கா இப்போது மாதம் முதல் தேதி காலையில் கதவைத் திறக்கும் முன் இந்த மூன்றையும் பிரிண்ட் எடுத்து, பேக்கேஜ் பாக்கியைச் சிவப்புப் பேனாவில் வட்டமிட்டு, அந்த மாதம் புதுப் பேக்கேஜ் விற்கலாமா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.